14 பக்க ப்ரொபோசல் அனுப்பினேன், வாய்ஸ் மெசேஜ் அனுப்பின பையனுக்கு வேலை கிடைச்சுடுச்சு. எழுதுறதே வீணா?

#1 கோத்தகிரி_குளிர்

வணக்கம். ரெண்டு வருஷமா ஃப்ரீலான்ஸா கடைகளோட சோஷியல் மீடியா பார்த்துக்கிறேன். இப்போ கையில ஒரு பேக்கரி, ஒரு பல் டாக்டர், அவ்வளவுதான்.

குன்னூர் பக்கம் 9 ரூம் ஹோம்ஸ்டே வெச்சிருக்கிற ஒருத்தர் ஏப்ரல் கடைசியில கூப்பிட்டு, "இன்ஸ்டா, ஃபேஸ்புக் எல்லாம் பார்த்துக்க ஆள் வேணும், டீடெயில் அனுப்பும்மா"ன்னார். நாலு ராத்திரி முழிச்சு 14 பக்கம் பிடிஎஃப் பண்ணினேன். மாசம் 12,000 கேட்டிருந்தேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் வரலை. மே கடைசியில விசாரிச்சா, வாட்ஸ்அப்ல 40 செகண்ட் வாய்ஸ் மெசேஜ் அனுப்பின ஒரு பையனுக்கு மாசம் 4,000க்குக் கொடுத்தாச்சாம்.

நம்ம மலையில ப்ரொபோசல் எழுதுறதே வீணா, இல்ல நான் எழுதின விதம் தப்பா? முதல் பத்தியை அப்படியே போடுறேன், கிழிங்க:

"நாங்கள் அனுபவம் வாய்ந்த டிஜிட்டல் மார்க்கெட்டிங் குழு. உங்கள் பிராண்டின் இணையப் பயணத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு செல்வதே எங்கள் நோக்கம். இன்றைய காலகட்டத்தில் சமூக ஊடகம் இல்லாமல் எந்தத் தொழிலும் வளர முடியாது..."

#2 ஏழுரோடு

யாருங்க அந்த "நாங்கள்"? நீங்களும் உங்க லேப்டாப்புமா?

கொடைக்கானல்ல 8 வருஷமா இதான் பொழப்பு. 11 கிளையன்ட். ஒருத்தருக்குக்கூட ப்ரொபோசல்னு எழுதினதில்ல. மதியம் மூணு மணிக்கு, ரிசப்ஷன் காத்தாடுற நேரமா பார்த்துப் போவேன். டீ வரும். ஓனர் போனையே வாங்கி அவர் பேஜைத் திறந்து, "அண்ணே, கடைசி போஸ்ட் பொங்கல் வாழ்த்து, அதுவும் போன வருஷப் பொங்கல்"னு காட்டுவேன். பாதி வேலை முடிஞ்சது. மீதி ரேட் பேசுறதுதான். 14 பக்கத்தை எவன் படிப்பான்? பிடிஎஃப் திறக்கிறதுக்கு முன்னாடி அவர் கண்ணாடியைத் தேடணும்.

எழுதாதீங்க. போங்க.

#3 கேத்தி_காரட்

ஏழுரோடு அண்ணா, உங்களுக்கு அது செட் ஆகும். ஊர்ல பாதிப் பேர் உங்களுக்கு மாமா, மச்சான். நான் கேத்தியில உட்கார்ந்து அப்வொர்க்னு ஒரு ஃப்ரீலான்ஸ் சைட்ல வெளிநாட்டுக் கிளையன்ட்டுக்கு வேலை செய்யுறேன். ஒருத்தர் முகத்தையும் நேர்ல பார்த்ததில்ல. எனக்குச் சோறு போடுறது எழுத்துதான்.

அங்க ப்ரொபோசல் போடவே காசு. கனெக்ட்ஸ்னு வாங்கணும், ஒண்ணு 15 சென்ட், ஒரு வேலைக்குப் பத்துப் பதினஞ்சுகூட கேட்பான். அதனால வார்த்தையைச் சும்மா இறைக்கத் தோணாது. கிளையன்ட் லிஸ்ட்டைப் பார்க்கும்போது நம்ம எழுத்துல முதல் ரெண்டு வரிதான் வெளியே தெரியும். அந்த ரெண்டு வரியில "நான் அனுபவம் வாய்ந்த..."ன்னு இருந்தா உள்ளேயே வர மாட்டாங்க. அவங்களோட சிக்கல் அந்த ரெண்டு வரியில இருக்கணும்.

தோழி, உங்க 14 பக்கத்துல அந்த ஹோம்ஸ்டே பேரை எடுத்துட்டு ஒரு ஜவுளிக்கடை பேரைப் போட்டா எத்தனை பக்கம் மாறும்?

#4 கோத்தகிரி_குளிர்

...ரெண்டு. அட்டையும் ரேட் பக்கமும்.

#5 மலைப்பூண்டு

நான் எதிர்க்கட்சி. பூம்பாறை போற வழியில 6 ரூம் வெச்சிருக்கேன். மாசத்துக்கு நாலு ப்ரொபோசல் வருது, அதனால சொல்றேன்.

முதல்ல கடைசிப் பக்கத்தைத் திறப்பேன், ரேட் பார்க்க. ரேட் இல்லைன்னா மூடிடுவேன். இருந்தா முதல் பக்கத்துக்கு வருவேன். நடுவுல இருக்கிற வட்டம், அம்புக்குறி, ஏணிப் படமெல்லாம் நான் பார்த்ததே கிடையாது.

போன வருஷம் ஒருத்தர் அனுப்பினதுல "வருடந்தோறும் குறிஞ்சி பூக்கும் பருவத்தில் சிறப்பு ரீல்ஸ்"னு இருந்துச்சு. நீலக்குறிஞ்சி 2018ல பூத்துச்சு, அடுத்து 2030. பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு ரீல்ஸ் போடுற ஆளுக்கு மாசச் சம்பளம் எதுக்குன்னு எனக்குப் புரியலை. எங்கேயோ ஒரு மிஷின்ல அடிச்சு எடுத்து, படிச்சுக்கூடப் பார்க்காம அனுப்பியிருக்கார்.

கோத்தகிரி அம்மா, உங்க எழுத்தை விடுங்க. ஏப்ரல் கடைசியில அனுப்பினேன்னு சொல்றீங்களே, அதைக் கவனிச்சீங்களா? மலர்க் கண்காட்சி நெருங்குது, ரூம் எல்லாம் ஃபுல், சமையல்காரன் லீவு கேட்கிறான், போன் பூரா "மலைக்கு வண்டியில வர இ-பாஸ் கிடைக்கலை, என்ன செய்ய"ன்னு கெஸ்ட்டுங்க. அப்போ என் சொந்தத் தம்பி லெட்டர் போட்டாலும் படிக்க மாட்டேன். ரூம் காலியா கிடக்கிற ஜூலையில அனுப்புங்க. அப்பதான் எங்களுக்கு விளம்பர ஞாபகம் வரும்.

#6 ஏழுரோடு

அய்யா சொல்றது பாதிதான் சரி. ஜூலையில ஞாபகம் வரும், காசு வராது. மழையில ரூம் காலி, கரண்ட் பில் கட்டவே முக்குறாங்க. அப்போ 12,000னு எழுதினா அந்தப் பேப்பர்ல வடை வைப்பாங்க.

#7 சிம்ஸ்பார்க்

டிசைனர், குன்னூர். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். ப்ரொபோசலோட இலவச சாம்பிள் மட்டும் வைக்காதீங்க. ஒரு ஹோட்டல்ல "சும்மா ஒரு ஆறு போஸ்ட் பண்ணிக் காட்டும்மா, பிடிச்சிருந்தா வருஷ ஒப்பந்தம்"னாங்க. பண்ணிக் கொடுத்தேன். பதிலே இல்லை. தீபாவளிக்கு அவங்க பேஜ்ல என் டிசைன், ஓரத்துல இருந்த என் பேரை வெட்டிட்டு. கேட்டதுக்கு, "அது நீ எங்களுக்குக் கொடுத்ததுதானே?"

இன்னிக்கும் அந்த ரோட்டுல போனா முகத்தைத் திருப்பிக்குவேன்.

#8 கேத்தி_காரட்

அது சாம்பிளோட தப்பு இல்ல அக்கா, செய்து முடிச்ச பொருளைக் கொடுத்த தப்பு. என்ன கோளாறுன்னு சொல்லணும், சரிபண்ணிக் கொடுக்கக் கூடாது. அவங்க பேஜைப் பார்த்து மூணு ஓட்டையைச் சுட்டிக்காட்டுற அளவுக்குப் போதும்.

#9 சிம்ஸ்பார்க்

டாக்டர் என்ன நோய்னு சொல்றதுக்கே ஃபீஸ் வாங்குறார் தம்பி. அந்த மூணு ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது. மாசம் பத்துப் பேருக்கு அனுப்பினா இருபது மணி நேரம். அதுக்கு யார் கொடுப்பா?

#10 கேத்தி_காரட்

பத்துப் பேருக்கு அனுப்பாதீங்க, மூணு பேருக்கு அனுப்புங்க.

#11 சிம்ஸ்பார்க்

மூணு பேரும் பதில் போடலைன்னா வாடகையை நீங்க கட்டுவீங்களா?

#12 மலைப்பூண்டு

சண்டை போடாதீங்க. சுட்டிக்காட்டுறதுன்னா எதைன்னு சொல்றேன். எனக்கு வேலை செய்யுற பொண்ணு எப்படி உள்ளே வந்துச்சுன்னா, அனுப்பின மெசேஜ்ல மூணே வரி. "சார், கூகுள் மேப்ல உங்க இடம் ஒரு வளைவு முன்னாடியே காட்டுது. அங்க இறங்குறவங்க வேற காட்டேஜ் வாசல்ல நிப்பாங்க. நாலு பேர் ரிவ்யூவுல இதைத்தான் திட்டியிருக்காங்க, நீங்க ஒருத்தருக்கும் பதில் சொல்லலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ராத்திரி எட்டு மணிக்குப் பனியில வண்டியை வெச்சுக்கிட்டு என்னைத் திட்டின குடும்பமெல்லாம் ஞாபகம் வந்துச்சு. அந்தப் பொண்ணு எத்தனை வருஷ அனுபவம்னு நான் இன்னிக்கு வரைக்கும் கேட்கலை.

#13 ஏழுரோடு

அதாவது, ப்ரொபோசல் இல்ல. மூணு வரி. நான் சொன்னதுதான்.

#14 மலைப்பூண்டு

தம்பி, மூணு வரியில உள்ளே வந்துச்சு. அப்புறம் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கிட்டேன். எழுதி வாங்காம ஏற்கெனவே ஒரு தடவை பட்டாச்சு. முன்னாடி இருந்த பையன் அவன் மெயில் ஐடியிலேயே பேஜ் ஆரம்பிச்சு, பாஸ்வேர்டையும் கையில வெச்சுக்கிட்டு, வேலை கிடைச்சு சென்னைக்குப் போயிட்டான். மூணு வருஷ போட்டோ அதுல கிடக்கு. என்னால ஒரு வரி மாத்த முடியலை.

#15 கேத்தி_காரட்

இதை நான் ப்ரொபோசல்லயே எழுதிடுவேன்: "உங்கள் பாஸ்வேர்டு எனக்கு வேண்டாம். பேஜ் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டாவை நிர்வகிக்கிற மெட்டா பிசினஸ் சூட் வழியாக எனக்கு அனுமதி மட்டும் கொடுங்கள், கூகுள் பக்கத்தில் மேனேஜர் என்று சேருங்கள். வேண்டாம் என்றால் ஒரே நிமிடத்தில் என்னை நீக்கிவிடலாம்." ஏற்கெனவே சூடு பட்ட ஓனருக்கு இந்த வரி ஒண்ணு போதும்.

எது வேலை, எது வேலை இல்லைங்கிறதையும் எழுதணும். மாசம் 8 போஸ்ட், 4 ரீல்ஸ், மெசேஜுக்குப் பதில் காலை 10ல இருந்து ராத்திரி 8 வரை, விளம்பரக் காசு உங்க கார்டுல தனி. போட்டோ எடுக்க மாசம் ஒரு தடவைதான் வருவேன். இல்லைன்னா ராத்திரி 11 மணிக்கு "கேம்ப் ஃபயர் போட்டிருக்கோம், லைவ் போடு"ன்னு போன் வரும்.

#16 சிம்ஸ்பார்க்

அதோட சினிமாப் பாட்டு. "அந்தப் பாட்டைப் போட்டு ரீல்ஸ் பண்ணு"ன்னு எல்லாரும் கேட்பாங்க. பிசினஸ் அக்கவுண்ட்டுக்கு இன்ஸ்டா அந்தப் பாட்டு லைப்ரரியை முழுசா திறந்து விடுறதில்லை. கடை விளம்பரத்துக்கு அடுத்தவன் பாட்டைப் போட்டா உரிமைப் பிரச்சினை வரும். முன்னாடியே எழுதி வெச்சா உங்களைக் கையாலாகாதவங்கன்னு நினைக்க மாட்டாங்க.

"மூணு மாசத்துல 10,000 ஃபாலோயர்"னு மட்டும் எழுதிடாதீங்க. திருப்பூர்ல ஃபாலோயர் வாங்கி மசினகுடி ரூம் நிரம்பாது.

#17 ஏழுரோடு

எல்லாம் சரி, காசு? பேப்பர்ல எழுதினா காசு வந்துடுமா?

#18 கேத்தி_காரட்

உத்யம்னு சிறு தொழிலுக்கான அரசு சைட்ல பதிவு பண்ணுங்க அண்ணா, இலவசம்தான். பதிவு பண்ணின சிறு தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாள்ல பணம் தரணும்னு 2006 எம்எஸ்எம்இடி சட்டம் சொல்லுது. ப்ரொபோசல் அடியில பதிவு எண்ணைப் போட்டாலே ஒரு மரியாதை.

#19 ஏழுரோடு

தம்பி, இங்க ஒரு லாட்ஜ்காரர்கிட்ட சட்டம் பேசினா சாயங்காலத்துக்குள்ள மூஞ்சிக்கல் வரைக்கும் தெரிஞ்சுடும். அடுத்த லாட்ஜ்ல டீகூட கிடைக்காது. அட்வான்ஸ் வாங்கிட்டு வேலையை ஆரம்பி, அதான் சட்டம்.

#20 மலைப்பூண்டு

ரேட் விஷயத்துல ஓனரா ஒரு யோசனை. வருஷம் பூரா ஒரே தொகை கேட்டா மழைக்காலத்துல முதல்ல வெட்டுறது உங்களைத்தான். நான் கொடுக்கிறது ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர், அக்டோபர் 14,000. மத்த மாசம் 7,000, வேலையும் பாதி. கூட்டிப் பார்த்தா மாசம் 9,300 சொச்சம் வருது. ரெண்டு பேருக்கும் தூக்கம் வருது.

#21 சிம்ஸ்பார்க்

ரூம் காலியா இருக்கிற மாசத்துலதானே வேலை அதிகம் வேணும்? சீசன்ல போஸ்ட்டே போடாட்டியும் ரூம் ஃபுல். நீங்க தலைகீழா கொடுக்கிறீங்க சார்.

#22 மலைப்பூண்டு

கேள்வி நியாயம்தான். ஆனா கல்லாப் பெட்டிக்கு நியாயம் தெரியாது.

#23 கோத்தகிரி_குளிர்

எல்லாருக்கும் நன்றி. குன்னூரை விட்டுட்டேன். கோத்தகிரியிலேயே 5 காட்டேஜ் வெச்சிருக்கிற ஒருத்தருக்குப் புதுசா எழுதியிருக்கேன். ஒரே பக்கம். ஆரம்பம் இப்படி:

"அய்யா, உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருக்கிற போன் நம்பரும் கூகுளில் இருக்கிற நம்பரும் வேறு வேறு. இன்ஸ்டா நம்பருக்கு நேற்று இரண்டு முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. போட்டோவுக்குக் கீழே 'இ-பாஸ் எப்படி எடுப்பது', 'பஸ்ஸில் வந்தால் வேண்டுமா' என்று ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள், பதில் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவருக்கு உங்கள் காட்டேஜுக்கு எங்கே இறங்குவது என்று எங்கேயும் எழுதவில்லை. முதல் மாதம் இந்த மூன்றையும் சரிசெய்வேன். ரீல்ஸ் அதற்கு அப்புறம்."

அடுத்து என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன், பாஸ்வேர்டு வரி. பேக்கரிக்குச் செஞ்சதுல ஒரே ஒரு உதாரணம்: கேக் ஆர்டரை எல்லாம் ஒரே வாட்ஸ்அப் நம்பருக்குத் திருப்பிவிட்டது. கடைசியில ரேட்: மூணு மாசம், மாசம் 9,000, பாதி அட்வான்ஸ்.

#24 கேத்தி_காரட்

நல்லா வந்திருக்கு. "நாங்கள்" காணோமே!

இ-பாஸ் பத்தி ஒரு போஸ்ட் போட்டு, பேஜ்ல மேலேயே நிக்கிற மாதிரி பின் பண்ணி வைங்க. 2024 மே 7ல ஆரம்பிச்சதுல இருந்து கேள்வி நிக்கலை. 2025 சீசன்ல நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000னு கோர்ட் கணக்கு வெச்சதும் இன்னும் குழப்பம். இந்த ஒரு போஸ்ட்டுக்கே அவர் உங்களுக்குக் கும்பிடு போடணும்.

#25 மலைப்பூண்டு

"ரீல்ஸ் அதற்கு அப்புறம்" எனக்குப் பிடிச்சிருக்கு. பேக்கரி கதையை மட்டும் ரெண்டு வரியா குறைங்க. எனக்கு கேக் வேண்டாம்.

#26 ஏழுரோடு

எழுதினது போதும், பிரிண்ட் எடுத்துக்கிட்டு நேர்ல போங்க. வாட்ஸ்அப்ல போட்டா மறுபடியும் ப்ளூ டிக்தான்.

#27 கோத்தகிரி_குளிர்

போனேன், செவ்வாய்க்கிழமை. முதல் வரியைப் படிச்சதும் அவர் நம்பலை. என் முன்னாடியே போனை எடுத்து அந்த இன்ஸ்டா நம்பரை அடிச்சார். மூணாவது ரிங்ல ஒரு அம்மா எடுத்து, "யாருங்க, மாப்பிள்ளையா?"ன்னாங்க. அருவங்காட்டுல இருக்கிற அவர் மாமியார். பேஜ் ஆரம்பிச்ச மச்சான் வீட்டு நம்பரைப் போட்டுட்டு கோயம்புத்தூர் போயிட்டானாம். வாரத்துக்கு ரெண்டு மூணு பேர் ரூம் கேட்டுக் கூப்பிடுறாங்களாம், அந்த அம்மா "ராங் நம்பர்"னு வெச்சுடுவாங்களாம், நான் அடிச்ச அன்னிக்கு ஊர்ல இல்லையாம்.

மனுஷன் ரெண்டு நிமிஷம் பேசலை. அப்புறம் 8,000னு குறைச்சுக் கேட்டார், 8,500ல நின்னுச்சு. மூணு மாசம்.

#28 ஏழுரோடு

நேர்ல போனதாலதான்.

#29 கேத்தி_காரட்

எழுதிட்டுப் போனதாலதான் அண்ணா. அந்த நம்பர் பேப்பர்ல இல்லைன்னா எதை அடிச்சிருப்பார்?

#30 சிம்ஸ்பார்க்

வாழ்த்துகள். அட்வான்ஸ் வந்துடுச்சா?

#31 கோத்தகிரி_குளிர்

வெள்ளிக்கிழமை தர்றேன்னார்.

#32 சிம்ஸ்பார்க்

எந்த வெள்ளிக்கிழமைன்னு எழுதி வாங்கினீங்களா?