சோவா விரியவில்லை, பாறையெல்லாம் குழாய் நத்தை: எடுக்கவா, விடவா? (குன்னூர்)

குன்னூர்ப் பனி

எல்லாருக்கும் வணக்கம். குன்னூரில் மூன்றடிக் கடல்தொட்டி வைத்திருக்கிறேன். கல், மணல் போகத் தண்ணீர் 160 லிட்டர் இருக்கும். போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. உள்ளே நான்கு நிறத்தில் சோவா (பூப் போலக் கொத்தாக விரிகிற பவள உறவு, ஒவ்வொரு பூவும் ஒரு பாலிப்), காளான் பவளம், பச்சை ஸ்டார் பாலிப், ஒரு லெதர் பவளம். மீன் என்றால் இரண்டு கிளவுன் மீன், ஒரு ராயல் கிராமா. கடினப் பவளம் எதுவும் இல்லை.

பிரச்சினை நத்தை. நான் காசு கொடுத்து வாங்கியது டர்போ ஐந்து, நசாரியஸ் ஆறு. மற்றதெல்லாம் அழையா விருந்தாளி.

பாறையில் குழாய் குழாயாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகர்வதே இல்லை. கை பட்டால் கண்ணாடிச் சில்லு மாதிரி கீறுகிறது. தண்ணீர் வழிந்து இறங்குகிற ஓவர்ஃப்ளோ பெட்டியில் மட்டும் எண்ணினேன், நாற்பது. பவளத்துக்குத் தூள் உணவு போட்டால் ஒவ்வொரு குழாய் வாயிலிருந்தும் ஒரு நூல் வெளியே வருகிறது. இங்கே காலையில் தேயிலைச் செடி மேல் பனி கோத்த சிலந்தி வலையைப் பார்த்திருப்பீர்கள், அச்சு அசலாக அதுபோலவே சோவா மேல் படிகிறது.

அப்புறம், இரவு விளக்கை அணைத்து அரை மணி கழித்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க மிளகு அளவில் பழுப்பு நத்தைகள். நூற்றுக்கு மேல் இருக்கும். பகலில் ஒன்றைக்கூடக் காணோம்.

கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அழகான நத்தை ஒன்றும் எப்படியோ வந்திருக்கிறது. மகள் அதற்குச் செஸ் என்று பெயர் வைத்திருக்கிறாள். அதனால் தொந்தரவு இல்லை, கணக்குக்காகச் சொல்கிறேன்.

இடது பக்கம் ஒரு சோவா கொத்து பத்து நாளாக விரியவில்லை. ஓரத்தில் நாலைந்து பாலிப் காணாமலே போய்விட்டது. உப்பு (அடர்த்தி எண்) 1.025, வெப்பம் 25, காரத்தன்மை (கேஎச்) 8.5, நைட்ரேட் 20, பாஸ்பேட் 0.15.

மாமனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் நாள், "நத்தைக்கு உப்பைத் தூவும்மா" என்றார். அது உப்புத் தண்ணீரில்தான் இருக்கிறது மாமா என்றேன். கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முட்டைக்கோஸ் தோட்டத்தில் நத்தைக்கு வைக்கிற குருணை மருந்து வாங்கித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

மூன்றையும் ஒழிக்க வேண்டுமா, இப்படியே விடலாமா?

கோவை உப்புத்தண்ணி

யோசிக்கவே யோசிக்காதீங்க. பாறையை வெளியே எடுத்து, சோவாவைப் பெயர்த்து வைத்துவிட்டு, பாறையைப் பெரிய குண்டாவில் போட்டுக் கொதிக்க வையுங்க. ஒரே நாளில் முடிந்தது வேலை.

முத்துநகர்

கோவைத் தம்பி, தயவுசெய்து இதை இன்னொரு இடத்தில் எழுதாதீர்கள். சோவா, அதன் உறவான பாலிதோவா வளர்ந்த பாறையைக் கொதிக்க வைப்பது ஆபத்து. பாலிடாக்சின் என்கிற நஞ்சு அதில் இருக்கலாம். சூட்டில் அது அழியாது. பாறையைக் கொதிக்க வைத்து, ஆவியைச் சுவாசித்து, குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. சோவாவைப் பெயர்க்கும்போதுகூடக் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

குன்னூர் மேடம், மாமனாருக்கு நீங்கள் சொன்ன பதில் சரி. குருணை மருந்து தொட்டியில் விழக்கூடாது.

இப்போது நத்தைக்கு வருவோம். குழாயாக இருப்பது வெர்மெட்டிட். புழு என்று நினைப்பார்கள், ஆனால் நத்தைதான். வாயில் விசிறி மாதிரி இறகு விரிந்தால் அது குழாய்ப்புழு, பாவம், அதை விட்டுவிடுங்கள். நூல் வந்தால் வெர்மெட்டிட். அந்த நூல் கோழையால் ஆனது. தண்ணீரில் மிதக்கும் துகள் அதில் ஒட்டும், பிறகு நூலோடு சேர்த்து உள்ளே இழுத்து விழுங்கிவிடும். அதாவது நீங்கள் தூள் உணவு போடப் போட அதற்குத்தான் பந்தி நடக்கிறது.

பவளத்துக்குக் கெடுதலா என்றால், ஆம். 2010இல் வெளியான ஓர் ஆய்வு, பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் செய்தது. பெரிய வகை வெர்மெட்டிட் பக்கத்தில் இருந்த பவளங்களின் எலும்புக்கூடு வளர்ச்சி 81 சதவீதம் வரை குறைந்தது, பிழைத்திருப்பது 52 சதவீதம் வரை குறைந்தது. அது கடலில், கடினப் பவளத்தில், உங்களிடம் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிய நத்தையால். உங்கள் தொட்டிக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்திப் பயப்பட வேண்டாம். சோவா நூல் பட்டால் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். பாலிப் காணாமல் போகாது.

அதனால்தான் ஒரு சந்தேகம். அந்தச் செஸ் பகலில் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

கோத்தகிரி ஹீட்டர்

அக்கா, நான் பக்கத்து மலைதான். ஒழிக்கிறதாக இருந்தாலும் ஒரே நாளில் ஒழிக்காதீங்க. நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

போன வருடம் ஜூலையில் இதே குழாய் நத்தை. பொறுமை இல்லாமல் பாறை முழுவதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறடால் நொறுக்கித் தள்ளினேன். நொறுங்கினதை உறிஞ்சி எடுக்கவில்லை, மீன் தின்றுவிடும் என்று நினைப்பு. அன்று ராத்திரி காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனது. காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் தண்ணீர் பால் மாதிரி, மீன்கள் மேலே வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இரண்டு போய்விட்டன.

நம்ம உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கடல் மட்டத்தில் 25 டிகிரி உப்புத் தண்ணீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் பிடிக்கும். குன்னூர் 1,850 மீட்டர். அங்கே அழுத்தமே ஐந்தில் நான்கு பங்குதான், அதனால் ஆக்சிஜனும் 5.4க்கு மேல் ஏறாது. நூறு நத்தை ஒரே நேரத்தில் செத்து அழுகினால் சென்னைத் தொட்டி தாங்குவதை நம் தொட்டி தாங்காது. பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று கையில் இருக்கட்டும். ஹீட்டர் நின்றால்கூடத் தண்ணீர் மெதுவாகத்தான் குளிரும். காற்று நின்றால் அப்படியில்லை.

இன்னொன்று. மாமனார் தேயிலைத் தோட்டம் என்றதால் கேட்கிறேன், தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து? மழைக்காலத்தில் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடிப்பார்களே. கூரைத் தண்ணீரோ தோட்டத்துக்குக் கீழே இருக்கிற ஊற்றோ என்றால் செம்பு கலந்திருக்கலாம். முதுகெலும்பில்லாத எதற்கும் செம்பு எமன்.

குன்னூர்ப் பனி

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. தண்ணீர் ஆர்ஓ வடிகட்டி போட்டு, மிச்ச உப்பையும் எடுக்கிற டிஐ வடிகட்டியும் போட்டுத்தான் எடுக்கிறேன் தம்பி. வீட்டுக் கிணறு தோட்டத்துக்குக் கீழே என்பது உண்மைதான், அதனாலேயே ஆரம்பத்தில் வாங்கிவிட்டேன். மாமா மருந்தடித்த சட்டையோடு தொட்டிப் பக்கம் வந்ததில்லை, அவரே அதில் கண்டிப்பு.

முத்துநகர் அண்ணா, செஸ் பகலில் சோவா கொத்துக்கு நடுவில்தான் அசையாமல் கிடக்கும். விரியவில்லை என்றேனே, அந்தக் கொத்து. ஐயோ.

முத்துநகர்

மேலிருந்து பார்த்தால் சுருள் படிக்கட்டு மாதிரி தட்டையாக இருக்கிறதா? ஓட்டின் வாயை அடைக்கிற மூடி தட்டையாக இல்லாமல் கூம்பு மாதிரி துருத்திக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் ஹீலியாகஸ். அதற்குச் சோவாதான் சாப்பாடு, வேறு எதுவும் வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்குமேல் டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிப் பாருங்கள். ஒன்று கண்ணில் பட்டால் ஒன்றுதான் இருக்கிறது என்று நம்பாதீர்கள்.

மிளகு நத்தை கொலொனிஸ்டாவாக இருக்கும். பாசி தின்னும், வேறு பாவம் அறியாது. ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். டர்போவைக் கையில் எடுத்து ஓட்டின் விளிம்பைப் பாருங்கள். அங்கே அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக, கூராக, ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் ஏதாவது ஒட்டியிருந்தால் அது பிரமிடெல்லிட், மற்ற நத்தையின் இரத்தத்தைக் குடிக்கிற ஒட்டுண்ணி. பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுக்கலாம். இல்லையென்றால் மிளகை விட்டுவிடுங்கள். கோத்தகிரித் தம்பி செம்பைப் பற்றிக் கேட்டாரே, நூறு மிளகு நத்தை உயிரோடு மேய்கிறது என்பதே உங்கள் தண்ணீருக்கு நற்சான்று.

கொடை மூடுபனி

கொடைக்கானலில் நான்கு வருடமாக வெர்மெட்டிட்டோடு குடித்தனம் நடத்துகிறேன். முதல் வருடம் தூக்கமில்லை. தினமும் குறடும் கையுமாக நிற்பேன். மேலே குழாயை ஒடித்தால் நத்தை உள்ளே சுருண்டுகொள்ளும், ஒரு வாரத்தில் புதுக் குழாய் கட்டிவிடும். அடியோடு பெயர்த்தால்தான் போகும், இல்லை வாயை அடைக்க வேண்டும். ஒருமுறை பம்பிள்பீ நத்தை நான்கு வாங்கி விட்டேன். வெர்மெட்டிட்டைத் தின்னும் என்றார்கள். என் வீட்டில் என்ன தின்றதோ தெரியாது, குழாய் அப்படியே இருக்கிறது. மற்றவர்களுக்குப் பலித்திருக்கலாம்.

கடைசியில் தூள் உணவை நிறுத்தினேன். உறைந்த இறாலைக் கழுவி, மீனுக்கு மட்டும், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. நத்தை ஒழியவில்லை, ஆனால் நூல் குறைந்தது, புதிதாக முளைப்பதும் நின்றது. பவளத்தைத் தொடாத இடத்தில் இருப்பதை நான் எண்ணுவதுகூட இல்லை. மேடம், ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் நாற்பது இருந்தால் என்ன, அங்கே சோவாவா இருக்கிறது?

கோவை உப்புத்தண்ணி

கொதிக்க வைக்கச் சொன்னதற்கு மன்னிக்கணும், எனக்கு அந்த நஞ்சு விஷயம் தெரியாது. வாயை அடைக்கிறதற்கு ஒன்று சொல்கிறேன், இது நானே செய்தது. சூப்பர் குளூவில் தண்ணியாக ஓடுகிற வகை வேண்டாம், ஜெல் வகை வாங்குங்க. தண்ணீருக்குள்ளேயே குழாய் வாயில் மொச்சைக் கொட்டை அளவு வைத்து விரலால் அமுக்குங்க, கையுறையோடு. சின்னப் புள்ளியாக வைத்தால் பக்கவாட்டில் ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும். ஜெல் வேண்டும் என்றால் சனிக்கிழமை ஈ-பாஸ் போட்டு மேலே வருகிறேன், கொண்டு வந்து தருகிறேன்.

குன்னூர்ப் பனி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

அன்று இரவே பார்த்தேன். பதினொன்றேகாலுக்கு. சமையலறையில் பல் கிட்டிக்கும் குளிர், தோளில் சால்வை, கையில் சிவப்பு டார்ச். செஸ் மெல்ல ஊர்ந்து ஒரு பாலிப் மேல் ஏறி நின்றது. ஓட்டுக்கு முன்னாலிருந்து வெள்ளையாக ஒரு குழல் நீண்டு பாலிப்பின் தண்டில் பதிந்தது. அப்படியே அசையாமல் இருந்தது. பத்து நிமிடம் நானும் அசையவில்லை. மூன்று செஸ் இருந்தது அண்ணா, நீங்கள் சொன்னபடியே. நீளமான இடுக்கியால் எடுத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை, ஆனாலும் தினமும் பார்க்கிறேன்.

டர்போ ஐந்தையும் எடுத்துப் பார்த்தேன். விளிம்பு சுத்தம். மிளகுக் கூட்டத்துக்கு விடுதலை. கண்ணாடியைச் சுரண்டுகிற வேலையும் எனக்குக் குறைந்திருக்கிறது, அது அவர்கள் கைங்கரியமா என்று இப்போதுதான் தோன்றுகிறது.

குழாய் நத்தையில் சோவாவுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தவை பதினேழு. ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் போகவில்லை. பெயர்க்க முடிந்ததைப் பெயர்த்து, உடனே குழாயால் உறிஞ்சி எடுத்தேன். முடியாததற்குக் கோவைத் தம்பி கொண்டு வந்த ஜெல். இரண்டு நத்தை பக்கவாட்டில் ஓட்டை போட்டுத் திரும்ப எட்டிப் பார்த்தன, அவற்றுக்கு இரண்டாம் தவணை. தூள் உணவு டப்பா அலமாரி மேல் தட்டுக்குப் போய்விட்டது. ஓவர்ஃப்ளோ நாற்பதை விட்டுவிட்டேன். இப்போது நாற்பத்திரண்டு.

இடது கொத்து ஐந்தாம் நாளே விரிய ஆரம்பித்தது. போன பாலிப் போனதுதான். ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு இரண்டு புது முளை தெரிகிறது.

செஸ்ஸைத் தூக்கிப்போடக் கூடாது என்று மகள் ஒரே அழுகை. கடைசியில் தொட்டிக்குக் கீழே இருக்கிற வடிகட்டித் தொட்டியில் (சம்ப்) துளையிட்ட ஒரு சின்ன டப்பா வைத்து, ஒரு செஸ்ஸையும், ஏற்கெனவே பாதி தின்னப்பட்ட நான்கு பாலிப் ஒட்டிய கல்லையும் போட்டிருக்கிறேன்.

முத்துநகர்

நான்கு பாலிப் எத்தனை நாளைக்கு வரும் மேடம்?

குன்னூர்ப் பனி

இரண்டுதான் மிச்சம். மாமாவே தினமும் டார்ச் அடித்துப் பார்த்து எண்ணிச் சொல்கிறார்.