பெட்டி மீன் மூணு நாளா எதுவும் தின்னல, அவசரம்

தங்கச்சிமடம்_23 (இரவு 11.42)
அண்ணன்மாரே, அவசரம். பெட்டி மீன் ஒண்ணு வச்சிருக்கேன். மூணு நாளா வாயில எதுவும் வைக்கல. மூலையிலயே நிக்குது, மூச்சு வேகமா வாங்குது. கூட இருந்த நீமோ (கோமாளி மீன்) ரெண்டும் செத்துப் போச்சு. தண்ணி சுத்தமாத்தான் இருக்கு. என்ன மருந்து போடணும்? இது போயிடக் கூடாதுண்ணே.

வடகடல் (இரவு 11.58)
தம்பி, எந்தப் பெட்டி மீன்? மஞ்சள்ல கரும்புள்ளி வச்சதா, ரெண்டு கொம்பு நீட்டினதா, முதுகு கூம்பினதா? தொட்டி எத்தன அடி? உப்பு அளவு என்ன? நீமோ எப்ப செத்துச்சு, இதை விட்ட அன்னைக்கேவா? என்ன தீனி போடுற? இது தெரியாம மருந்து சொன்னா அது மருந்தா இருக்காது.

முத்துச்சிப்பி (காலை 6.10)
மூச்சு வாங்குதுன்னாலே வெள்ளைப்புள்ளி நோய்தான். செவுள்ல ஏறிடுச்சுன்னா வெளிய புள்ளி தெரியாது. காப்பர் மருந்து போடுங்க, என் தொட்டியில அதுலதான் சரியாச்சு.

உப்புத்தொட்டி (காலை 6.34)
காப்பரைத் தொடாதீங்க. உங்க தொட்டியில இருந்தது வேற மீன். பெட்டி மீன் காப்பரைத் தாங்காது. வெள்ளைப்புள்ளியே ஆனாலும் தனித் தொட்டியில உப்பை (தண்ணியோட ஒப்படர்த்தி அளவுல) 1.009க்கு இறக்கிப் பாக்கலாம், இல்ல மூணு நாளுக்கு ஒருதரம் புதுத் தொட்டிக்கு மாத்திட்டே வரலாம். இதையெல்லாம் நான் இங்க எத்தனையோ தடவை எழுதியாச்சு. தேடிப் படிக்கிற பொறுமை யாருக்கும் இல்ல. கப்பி வளக்கிற மாதிரி நினைச்சு இந்த மீனை வீட்டுக்குக் கொண்டாந்துடறீங்க. முதல்ல அளவுகளைச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

கீழக்கரை காக்கா (காலை 7.05)
அவர் திட்டுறதைப் பெருசா எடுத்துக்காதீங்க தம்பி. எனக்கு ஒரு சந்தேகம்: தூக்கும்போது காத்துல வச்சீங்களா? இது காத்தை விழுங்கிடும். அப்புறம் ஒருக்களிச்சு மிதக்கும், கீழ இறங்க முடியாம தவிக்கும். வலையில தூக்காம, தண்ணியோட ஒரு கிண்ணத்துல முகந்து எடுக்கணும்.

தங்கச்சிமடம்_23 (காலை 9.20)
மிதக்கலண்ணே, தரையிலதான் நிக்குது. முதுகு ஒட்டகத் திமில் மாதிரி கூம்பி இருக்கு, உச்சியில ஒரு முள்ளு. அடி தட்டை. சித்தப்பா வல்லத்துல நண்டு வலையில சிக்குனது. வாளியில கொண்டாந்தோம், வீடு வந்ததும் வாளித் தண்ணியோட தொட்டியில ஊத்திட்டேன். மறுநாள் காலையில பாத்தா நீமோ ரெண்டும் மிதக்குது. தீனிக்குப் போடுறது மீன் குருணைதான். கடல் நாலு எட்டுதான், அதனால தொட்டியில தண்ணி குறையக் குறைய தினமும் கடல் தண்ணியே ஊத்துறேன். தண்ணியில குறை இருக்க வழியே இல்ல.

வடகடல் (காலை 9.47)
தம்பி, ரெண்டு தப்பும் இதுலயே இருக்கு.

உன்னோடது திமில் பெட்டி மீன், டெட்ரோசோமஸ் கிப்போசஸ். கடல் தாழை (கடல் புல்) முளைச்ச மணல் தரையில திரியுறது. இது பயந்தா தோல்ல ஒரு வழுவழுப்பை விடும், அதுல விஷம் இருக்கு. பஹுடாக்சின்னு பேரு, ஹவாய் மொழியில பஹுன்னா பெட்டி. சோப்பு மாதிரி வேலை செஞ்சு மத்த மீனோட செவுளை அரிச்சிடும். வாளியில கிடந்து பயந்தப்ப வெளியேறுன விஷத்தைத்தான் நீ தொட்டியில ஊத்தியிருக்க. உன் நீமோ அதுலதான் போச்சு. அளவு கூடினா விட்ட மீனையே கொல்லும்.

அடுத்தது தண்ணி. தொட்டியில ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கேயே நிக்கும். அதுக்கு மேல கடல் தண்ணி ஊத்தினா தினமும் உப்பைச் சேக்கிறன்னு அர்த்தம். குறையிறதுக்கு ஆர்.ஓ. தண்ணிதான் ஊத்தணும். உப்பை அளக்குற ஹைட்ரோமீட்டர் கடன் வாங்கியாவது இப்பவே பாரு.

மூணுல ஒரு பங்கு தண்ணியை மாத்து. விஷத்தை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன் போடு. உப்பை ஒரே நாள்ல இறக்காத, ஒரு நாளைக்கு 0.001, மிஞ்சினா 0.002. அமோனியாவும் பாரு. குருணையை விடு, உயிர் மட்டியைப் பிளந்து மணல் மேல வை. இது வாயால தண்ணியைப் பீச்சி மணலைக் கிளறித் தின்கிற மீன், மேல மிதக்குற குருணை அதுக்கு உணவாவே தெரியாது. சின்னச் சின்னதா நாலஞ்சு தரம் குடு.

முத்துச்சிப்பி (காலை 10.15)
அதோட நாலு பவளக்கல் பொறுக்கிப் போடுங்க. கரையில ஒதுங்கிக் கிடக்கும். தண்ணி தானா சரியாகும்.

கீழக்கரை காக்கா (காலை 10.31)
அதைச் சொல்லாதீங்க. 1972 வனவிலங்குச் சட்டத்துல பவளம் இருக்கு. வனத்துறை பிடிச்சா வழக்கு.

முத்துச்சிப்பி (காலை 10.40)
செத்து ஒதுங்குனதுக்கு என்ன வழக்கு? எங்க தாத்தா காலத்துல வண்டி வண்டியா சுண்ணாம்புக்கே எடுத்தாங்க.

கீழக்கரை காக்கா (காலை 10.58)
அப்படி எடுத்துத்தான் விலங்குசல்லித் தீவும் பூவரசன்பட்டித் தீவும் தண்ணிக்குள்ள போச்சு. மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு இன்னும் கணக்குல எழுதுறோம், ரெண்டைக் கண்ணால பாக்க முடியாது. 1986ல தேசியப் பூங்கா அறிவிச்சது இதுக்காகத்தான். செத்த கல்லும் அந்தச் சட்டத்துலதான் வரும். நான் சின்ன வயசுல வாப்பாவோட போய் நின்ன திட்டு இப்ப அலைக்கு அடியில கிடக்கு. எனக்கு இது சும்மா பேச்சு இல்ல.

உப்புத்தொட்டி (காலை 11.12)
கேட்டது மீனைப் பத்தி. கல்லுக்குப் பதிலா உடைஞ்ச நாட்டு ஓடும் செராமிக் ரிங்கும் போதும். இந்த மீனுக்குத் திறந்த மணல்தான் வேணும்.

பாம்பன் பாலம் (பகல் 12.05)
எங்க வீட்ல இதையும் பேத்தைன்னுதான் (உடம்பை ஊதிக்கிற பஃபர் மீன்) சொல்லுவோம். ரெண்டும் ஒரே விஷமா?

வடகடல் (பகல் 12.20)
இல்லைங்க. பேத்தைக்கு ஈரல், சினைக்குள்ள விஷம், தின்னாத்தான் ஆபத்து. இதுக்குத் தோல்ல, தண்ணியில கலந்து மீனைக் கொல்லும். உறவுதான், ஆனா விஷம் வேற.

தங்கச்சிமடம்_23 (இரவு 8.50)
பள்ளிக்கூட லேப் சார்கிட்ட ஹைட்ரோமீட்டர் வாங்கிப் பாத்தேன். 1.032. மூணுல ஒரு பங்கு மாத்திட்டேன். கார்பன் நாளைக்கு ராமநாதபுரம் போய் வாங்கணும்.

தங்கச்சிமடம்_23 (நாலு நாள் கழிச்சு, காலை 7.15)
1.027. இன்னைக்கு மட்டி தின்னுச்சு. முதல்ல வாயைக் குவிச்சு மணல்ல ஒரு ஊது ஊதுச்சு, சின்னதா குழி விழுந்துச்சு, அப்புறம் தலைகீழா நின்னு கவ்வுச்சு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நன்றிண்ணே.

வடகடல் (காலை 7.30)
ரொம்ப சந்தோசம் தம்பி. வேற மீன் எதையும் இப்போதைக்குக் கூட விடாத. அப்புறம், தொட்டி எத்தன அடின்னு நீ சொல்லவே இல்ல. இது முப்பது சென்டிமீட்டர் வரைக்கும் வளரும்.

உப்புத்தொட்டி (மறுநாள், இரவு 9.04)
அமோனியா அளவும் இன்னும் வரலை. இருந்தா போடுங்க தம்பி, பாத்துச் சொல்றேன்.