பெரிய வீட்டுக் குழு: கட்டாக் கருவாடு

சின்னவள் (வவுனியா) 9.12
மாமி, நீங்கள் அளம்பிலிலிருந்து தந்துவிட்ட கட்டாக் கருவாட்டில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. எறியவா?

மாமி 9.14
எறியாதே பிள்ளை! விரலால் தேய்த்துப் பார். நறநறவென்று இருந்தால் உப்புப் பூத்திருக்கிறது, தண்ணீரில் கரைந்துவிடும். பஞ்சு மாதிரி இருந்தால்தான் பூஞ்சணம்.

சின்னவள் 9.19
நறநறதான். ஆனால் ஒரு துண்டு வயிற்றுப் பக்கம் ரோசா நிறம், தொட்டால் பிசுபிசுக்கிறது.

மாமி 9.20
அந்தத் துண்டை எறி. பொலித்தீன் பையில் கட்டி வைத்தாயா?

சின்னவள் 9.20
ஓம் 🙈

மாமி 9.22
அதுதான் வேர்த்திருக்கிறது. மிச்சத்தைப் பேப்பரில் சுற்றி வை, வெயில் தலை காட்டினால் முற்றத்தில் போடு. காகம் கவனம்.

பெரியவன் (கிளிநொச்சி) 9.31
நான் சந்தையில் வாங்கியது இதைவிட மோசம். ஒரு கிலோ வாங்கி இரண்டு நாள் காயவைத்தேன், முக்கால் கிலோதான் மிச்சம். கால் கிலோ தண்ணீருக்கும் காசு கொடுத்திருக்கிறேன்!

மாமி 9.40
மழைக்கு முதல் அவசரமாகக் கட்டிய சரக்கு. வாங்கும்போது முள்ளோடு ஒட்டிய தடித்த சதையைப் பெருவிரலால் அழுத்து. பள்ளம் விழுந்தால் வைத்துவிட்டு வா. இங்கே கரையில் மீனைக் கீறிக் குடலும் செவுளும் எடுத்து, கழுவி, இரவு முழுக்க உப்பில் போட்டு, விடியக் கழுவித்தான் வெயிலுக்குப் போகும். சித்திரை வெயில் என்றால் மூன்று நாள் காணும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றும் மழையும். காய முதல் புழு வந்துவிடும். வலையில் உயர்த்திப் போட்டதா என்றும் கேள், மணலில் போட்டது பல்லுக்குள் கடிபடும்.

பெரியப்பா 9.47
கட்டா இருக்கட்டும். நந்திக்கடல் இறால் காயவைத்தது இருக்கிறதா?

மாமி 9.48
அண்ணை, பிரஷர் குளிசை போட்டீர்களா?

பெரியப்பா 9.48
😶

சின்னவள் 10.05
கத்தரிக்காய் இருக்கிறது. எப்படி வைக்க?

மாமி 10.11
கருவாட்டைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, இரண்டு தரம் கழுவு. கத்தரிக்காய், வெங்காயம், பச்சை மிளகாயை வதக்கி, தூளும் பழப்புளியும் விட்டுக் கொதித்த பிறகு கருவாடு. முதற்பால் கடைசியில். உப்பு அதற்கும் பிறகு, நாக்கில் வைத்துப் பார்த்து! போன தரம் முதலே போட்டுவிட்டு, நான்கு உருளைக்கிழங்கு போட்டல்லவா காப்பாற்றினோம்.

சின்னவள் 12.38
இறக்கிவிட்டேன். உப்பே போடவில்லை மாமி, கணக்காக இருக்கிறது.

பெரியப்பா 12.39
வவுனியா பஸ் எத்தனை மணிக்கு?