புதுப்பிப்பு: கதிரையில இருந்து எழும்பின கதை

மாசியில எழுதினது சிலருக்கு ஞாபகம் இருக்கும். கியான்-பரே எண்ட நரம்பு வருத்தம் வந்து நாலு மாசம் படுக்கை, கைபிடிக்காமல் கதிரையால எழும்ப ஏலாது, என்ன செய்யலாம் எண்டு கேட்டனான். "நல்லாச் சாப்பிட்டு ஜிம்முக்குப் போ" எண்டு கனபேர் சொன்னீங்கள்.

அங்கதான் பிழைச்சது. ஆசையில ஒருநாள் பத்துத் தரம் படி ஏறி இறங்கினன். பிறகு மூண்டு நாள் கட்டிலை விட்டு இறங்கேல்லை. இந்த வருத்தத்தில எங்கட எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குது. அறுந்த நரம்பிழை திரும்ப வளர்றதும் நாளுக்கு 1 மில்லிமீற்றர் அளவுதான். வெருட்டி வேலை வாங்கேலாது. பிசியோ மிஸ்ஸின்ர கணக்கு லேசு: அடுத்தநாள் காலமையும் களைப்பு நிண்டால், செய்தது கூடிப்போச்சு.

அதால கதிரையில ரெண்டு தலையணி போட்டு உயர்த்தி, அஞ்சு தரம் எழும்பி இருந்தன். பிறகு ஒரு தலையணி. வைகாசியில வெறுங்கதிரை. அம்மா அடுப்படியில இருந்து எண்ணுவா, எப்பவும் ஒண்டு குறைச்சுத்தான்.

தம்பி கீரிமலைக் கேணிக்குக் கூட்டிக்கொண்டு போறவன். நெஞ்சளவு தண்ணியில உடம்பின்ர பாரம் தெரியாது, நடக்கலாம். படியில பாசி, கவனம்.

இப்ப பின்னேரத்தில பண்ணைக் கடற்கரையால இருவது நிமிசம் நடக்கிறன். காத்து எதிர்த்தால் பாதியில திரும்பிடுவன். வலது பாதம் இன்னும் சரியாத் தூக்குதில்லை, நல்லூர்க் கோயில் வெளிவீதி மணலில இழுபடுது. கோயில் தேர்த் திருவிழாவுக்கு முன்னம் சரிவருமோ தெரியாது. சைக்கிளுக்கு மட்டும் எண்ணெய் விட்டு வைச்சிருக்கிறன்.