741 எப்படி 42 ஆனது?

பழைய டிரெசர்:
“இந்தியா போலியோவை ஒழிக்கவில்லை, கணக்கெடுப்பதைத்தான் நிறுத்தியது” என்று நேற்றுச் சுங்கை சிப்புட் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் அடித்துச் சொன்னதைக் கேட்டு எனக்குத் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. 1995இல் அங்கே நாடு தழுவிய சொட்டு மருந்து இயக்கம் தொடங்கியது. பின்னர், 15 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்குக் கைகால் திடீரெனத் துவண்டாலும், 24 மணி நேர இடைவெளியில் இருமுறை மலம் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இதுவா நிறுத்தியது?

லயத்துப் பையன்:
சொன்னவன் நான்தான், ஐயா. இந்தியாவில் போலியோ வந்தவர்கள் 2009இல் 741 பேர், 2010இல் 42 பேர். எந்த நோய் ஒரே ஆண்டில் இப்படி மாயமாகும்?

பழைய டிரெசர்:
2010 தொடக்கத்தில் முதலாம், மூன்றாம் வகைப் போலியோக் கிருமிகளை ஒருசேரத் தடுக்கும் மருந்து வந்தது. சோதித்த பிள்ளைகள் குறையவில்லை. கிருமி அகப்பட்டவர்கள்தாம் குறைந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான ஆயாக் கொட்டகையில் உனக்குச் சொட்டு ஊற்றியதே நான்தான், தம்பி. நீ துப்பிவிட்டதால், கன்னத்தைப் பிடித்து மறுபடியும் ஊற்றினேன். அன்றும் நீ இப்படித்தான் கத்தினாய்.

லயத்துப் பையன்:
துப்பியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 741 எப்படி 42 ஆனது?

செம்பனைக்காரி:
துவண்ட காலெல்லாம் போலியோ ஆகிவிடாது, தம்பி. நரம்பைத் தாக்கும் கீயன் பாரே நோயிலும் கால் துவளும்.

லயத்துப் பையன்:
அக்கா, பெயரை மாற்றினால் எண் குறையும் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நம் மலேசியாவுக்கும் 2000இல் போலியோ இல்லை என்று சான்றிதழ் கிடைத்தது; 2019இல் சபா துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ வந்ததே?

பழைய டிரெசர்:
அது சொட்டு மருந்தில் இருக்கும் வலுவிழந்த கிருமி மருவி, தடுப்பூசி போடாதவர்களிடையே பரவியது. கண்காணித்ததால்தான் அகப்பட்டது. இந்தியாவிலும் அப்படிக் கண்காணித்துத்தான் ஹவுராவில் 2011 ஜனவரி 13 அன்று கால் துவண்ட சிறுமியைக் கண்டுபிடித்தார்கள். அதன் பின் மூன்றாண்டுகள் சோதித்த பிறகே, 2014 மார்ச் 27 அன்று சான்றிதழ் கொடுத்தார்கள். திருவிழாக் கணக்கை இரண்டு ஆண்டுகளாகக் காட்டாத நீ, ஒரு நாட்டின் கணக்கைக் கேட்கிறாயா?

லயத்துப் பையன்:
பந்தல்காரரின் ரசீது மழையில் நனைந்துவிட்டது என்று கூட்டத்திலேயே சொன்னேன்.

செம்பனைக்காரி:
அந்த மாதம் மழையே இல்லையே!

பழைய டிரெசர்:
பந்தலுக்கு எவ்வளவு கொடுத்தாய்?

லயத்துப் பையன்:
முதலில் 741 எப்படி 42 ஆனது என்று சொல்லுங்கள்.