காசு கழிந்துவிட்டது, டிக்கெட் வரவில்லை: அவசர உதவி

கல்லடி மங்கை (இரவு 11.20)
கொழும்பு நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்கப் போய், காசு கழிந்துவிட்டது, டிக்கெட் வரவில்லை. பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. மறுபடியும் கட்டவா, காத்திருக்கவா? முன்வரிசை கெதியாக முடிந்துகொண்டிருக்கிறது. அதோடு, நிகழ்ச்சி முடிந்து அன்றிரவே மட்டக்களப்புக்குத் திரும்ப முடியுமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். படம் இணைத்திருக்கிறேன்.

ஏறாவூர் ரயிலடி (இரவு 11.26)
எந்த நிகழ்ச்சி? எந்தத் திகதி? கடன் அட்டையா, டெபிட் அட்டையா? வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததா? எத்தனை பேர் போகிறீர்கள்? இதையெல்லாம் நாங்கள் சாத்திரம் பார்த்தா அறிவது, தங்கச்சி?

பட்டிருப்பு டீச்சர் (இரவு 11.27)
மகள், முதலில் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். உங்கள் பெயர், கட்டணத்துக்கான இலக்கம், அட்டையின் கடைசி நான்கு எண்கள் எல்லாம் அதில் தெளிவாகத் தெரிகின்றன. நாளைக்கு ஒருவன் இந்த விபரங்களைச் சொல்லியே "டிக்கெட் அலுவலகத்திலிருந்து கதைக்கிறேன், காசைத் திருப்பி அனுப்ப ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்பான். நம்பிவிடுவீர்கள்.

[படம் நீக்கப்பட்டுள்ளது]

வாவிக்கரை (இரவு 11.34)
இது வங்கியின் கணினி வேலைதான். நடுச்சாமத்தை அண்டிக் காசு கட்டவே கூடாது என்று நான் எப்போதும் சொல்லுவேன். விடிந்ததும் தானாகச் சரியாகிவிடும்.

சங்கீத ரசிகன் மட்டு (இரவு 11.41)
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ தடவை பதில் எழுதியாகிவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பொறுமை இப்போது யாருக்கும் இல்லை. நான் கச்சேரிகளுக்கு வரிசையில் நின்று சீட்டு வாங்கிய காலத்தில் பக்கமும் சுற்றவில்லை, தலையும் சுற்றவில்லை. பரவாயில்லை, கேளுங்கள்: மறுபடி கட்டாதீர்கள். அவ்வளவுதான்.

ஏறாவூர் ரயிலடி (இரவு 11.45)
ஏன் கட்டக்கூடாது என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு உதவியாக இருக்கும், சேர்.

சம்மாந்துறை வயல் (இரவு 11.58)
நான் சொல்கிறேன். கணக்கில் குறைந்துவிட்டது என்பதற்காக அந்தக் காசு விற்பவர் கையில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். வங்கி அதை ஒதுக்கி மட்டும் வைத்திருக்கலாம். டிக்கெட் உறுதியாகாவிட்டால் விடுவித்துவிடுவார்கள். சில நாட்கள் பிடிக்கும், வங்கிக்கு வங்கி மாறும். டெபிட் அட்டை என்றால் அதுவரை அந்தக் காசைத் தொட முடியாது. இப்போது அவசரப்பட்டு இன்னொரு தடவை கட்டி, பிறகு இரண்டும் உறுதியானால், டிக்கெட் விற்கிற வேலையும் உங்கள் தலையில் விழும்.

முதலில் மின்னஞ்சலில் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். விற்பனைத் தளத்தில் கணக்குத் தொடங்கியிருந்தால் உள்ளே போய் "என் டிக்கெட்டுகள்" பகுதியையும் பாருங்கள். அஞ்சல் வராவிட்டாலும் அங்கே கிடக்கலாம். இரண்டிலும் இல்லை என்றால் அட்டையின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு அழையுங்கள். கூகுளில் தேடி எடுத்த இலக்கத்துக்கு வேண்டாம்.

கல்லடி மங்கை (இரவு 12.10)
டெபிட் அட்டை. குறுஞ்செய்தி வந்தது, 30,000 ரூபாய். சென்னைப் பாடகர் ஒருவரின் நிகழ்ச்சி, திறந்த மைதானம், சனிக்கிழமை. நாங்கள் நான்கு பேர். அம்மாவும் வருகிறார், அவருக்கு முழங்கால் வருத்தம். ஸ்பாமில் இல்லை.

பட்டிருப்பு டீச்சர் (இரவு 12.16)
அம்மா வருகிறார் என்பதை இப்போதுதான் சொல்கிறீர்கள்! முன்வரிசை என்று துடிக்கிறீர்களே, அது கதிரை போட்ட பகுதியா, நிற்கும் பகுதியா என்று பார்த்தீர்களா? திறந்த மைதானத்தில் மேடைக்கு முன்னால் பெரும்பாலும் நிற்கத்தான் விடுவார்கள். இலக்கமிட்ட ஆசனமாக எடுங்கள், ஓரத்து ஆசனமாக, கழிவறைக்குப் போகும் பக்கமாக.

வாவிக்கரை (இரவு 12.20)
சத்தமும் முன்னால் நன்றாக இருக்காது. ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் இருந்தால் காது அடைத்துவிடும், பாட்டு விளங்காது. நடுவில் ஒலிக்கலவை செய்பவர்கள் மேசை போட்டு இருப்பார்கள் அல்லவா, அவர்களுக்குப் பக்கத்தில் எடுங்கள். அவர்கள் தங்கள் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் சரிசெய்வார்கள். விலையும் குறைவு.

சங்கீத ரசிகன் மட்டு (இரவு 12.31)
முன்வரிசைக்குக் காசு கொடுத்தவனுக்கு முன்வரிசை கிடைக்கும் என்று எழுதி வைத்திருக்கிறதா? 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த இசை நிகழ்ச்சியில் தடுப்பை உடைத்துக்கொண்டு சனம் உள்ளே வந்தது. 2023 செப்டம்பரில் சென்னை பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சியில் டிக்கெட் கையில் வைத்திருந்தவர்களே வாசலோடு திரும்பினார்கள். வாசல் திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள்.

கல்முனைக்காரன் (காலை 6.05)
திரும்பி வருவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கல்முனைக்குப் போகும் இரவு ஏ.சி. பஸ்ஸில் ஏறினால் விடியப்புறம் வந்துவிடலாம். ஆசனத்தை இப்போதே பதிந்து வையுங்கள். அடுத்த திங்கள் போயா விடுமுறை என்றால் சனிக்கிழமை இரவு பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது.

ஏறாவூர் ரயிலடி (காலை 6.40)
முழங்கால் வருத்தக்காரரைப் பஸ்ஸில் மடக்கி இருத்தவா? ரயிலில் எழுந்து நடக்கலாம், கழிவறை இருக்கிறது. ரயில்தான் சரி.

கல்முனைக்காரன் (காலை 6.52)
உங்கள் ரயில் எங்களுக்கு எதற்கு, நானா? 1928இல் மட்டக்களப்புக்கு வந்த தண்டவாளம் அங்கேயே நின்றது நின்றதுதான். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் வரும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்கள்.

ஏறாவூர் ரயிலடி (காலை 7.03)
கேட்டவர் கல்லடியில் இருக்கிறார் தம்பி, கல்முனையில் இல்லை. ரயிலடியிலிருந்து பாலம் தாண்டினால் வீடு.

கல்முனைக்காரன் (காலை 7.10)
பஸ்ஸும் கல்லடியைத் தாண்டித்தானே கல்முனைக்கு வருகிறது? வாசலில் இறங்கிவிடலாம். உங்கள் ரயில் காட்டுக்குள் யானைக்கு வழிவிட்டு நிற்கும்.

சம்மாந்துறை வயல் (காலை 7.31)
சண்டையை வேறு இழையில் பிடியுங்கள். ஆனால் யானை விடயம் பகிடி அல்ல. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி 6 யானைகள் இறந்த பிறகு இந்தப் பாதையின் இரவு ரயில் நேரங்களை மாற்றினார்கள். ஆகவே பழைய நேரத்தை நினைவில் வைத்துத் திட்டம் போட வேண்டாம். ரயிலடியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஏழு மணி நிகழ்ச்சி என்றால் எட்டரைக்கும் தொடங்காது என்பதையும் கணக்கில் எடுங்கள். என்னைக் கேட்டால் அம்மாவோடு இரவில் திரும்பவே கூடாது. வெள்ளவத்தைப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கி, ஞாயிறு காலை ரயிலைப் பிடியுங்கள்.

பட்டிருப்பு டீச்சர் (காலை 7.48)
நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். கொழும்பில் வைகாசியிலேயே தொடங்கிவிடும். திகதியை இன்னும் சொல்லவில்லை. குடையை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள், மழைச்சட்டை கொண்டுபோங்கள். கியூ.ஆர். குறியைத் தாளிலும் அச்சடித்து வையுங்கள், பெருங்கூட்டத்தில் இணையம் வேலை செய்யாது. அதைப் படம் பிடித்து முகநூலில் மட்டும் போடாதீர்கள். வேறு ஒருவர் முதலில் காட்டிவிட்டால், உங்களுடையது பயன்படுத்தியதாகக் காட்டும்.

வாவிக்கரை (காலை 9.15)
விடிந்துவிட்டது. சரியாகிவிட்டதா?

சங்கீத ரசிகன் மட்டு (காலை 10.02)
கேட்டவரைக் காணோம். வழக்கம்தான்.

கல்லடி மங்கை (மாலை 4.37)
வங்கியில் கதைத்தேன். ஒதுக்கி வைத்த காசுதான், விடுவித்துவிடுவார்களாம். அண்ணாவின் அட்டையில் மறுபடி எடுத்தாயிற்று. நடுப்பகுதி, ஓரத்துக் கதிரைகள் நான்கு. எல்லோருக்கும் நன்றி.

கல்முனைக்காரன் (மாலை 4.41)
பஸ்ஸா, ரயிலா?

ஏறாவூர் ரயிலடி (மாலை 5.20)
அறை எடுத்தால் எங்கே என்று சொல்லுங்கள் தங்கச்சி. எங்கள் வீட்டிலும் மூன்று பேர் அதே நிகழ்ச்சிக்குப் போக நிற்கிறார்கள்.

கல்முனைக்காரன் (இரவு 8.14)
ரயிலில்தானே, நானா?