லேசான ஏர் பிஸ்டல் துள்ளுகிறது, எடை கட்டலாமா?

தஞ்சாவூர்க்காரன்:
10 மீட்டர் சுடும் போட்டிக்கு எடை குறைந்த ஏர் பிஸ்டல் வைத்திருக்கிறேன், குழல் முனையில் காம்பென்சேட்டரும் உண்டு, அப்படியும் சுட்டதும் முன் சைட் (குழல் முனையில் குறி பார்க்கும் துண்டு) இடதுபக்கமாக மேலே எகிறுகிறது. வலது கைப் பிடி. என்ன செய்யலாம் அண்ணே?

கும்பகோணம்:
தம்பி, காம்பென்சேட்டர் குண்டுக்குப் பின்னால் பீறி வரும் காற்றைத்தான் துளை வழியாகத் திருப்பி விடும். குண்டு கிளம்பும் உதைப்பு இருக்கத்தான் செய்யும், பிஸ்டல் லேசாக இருந்தால் அது கையில் கூடுதலாகத் தெரியும். குழலுக்கு அடியில், முன்பக்கமாக 20 கிராம் போட்டுப் பாருங்கள். போட்டி விதிப்படி பிஸ்டலின் மொத்த எடை 1500 கிராம் வரை போகலாம், ஆனால் ஒரேயடியாக ஏற்றினால் கடைசி சீரிஸில் (பத்துப் பத்துக் குண்டாகச் சுடும் சுற்றில்) தோள் இறங்கிவிடும்.

திருச்சி:
முதலில் பிடியைப் பாருங்கள். நேராக மேலே போனால் பரவாயில்லை, பக்கவாட்டில் போவது பெரும்பாலும் பிடி கையில் பொருந்தாததால்தான். நம்ம பக்கத்துப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து மரப்பிடி வழுக்கும், ஒவ்வொரு குண்டுக்கும் கை வேறு மாதிரி உட்காரும். இடைவெளி தெரியும் இடத்தில் மரப் புட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். மணிக்கட்டு இறுக்கம் மாறவே கூடாது.

தஞ்சாவூர்க்காரன்:
சரிண்ணே, கட்டைவிரலுக்குக் கீழே இடைவெளி இருக்கிறது. புட்டி வைத்துவிட்டு அப்புறம் எடையைப் பார்க்கிறேன்.